திரையில் வரைவோம், சூளையை நினைப்போம்

பீங்கான் தொழிலால் பெயர் பெற்றது நம் விருத்தாசலம். எனவே, 'டேப்லெட்' என்னும் கைக்கணினியில் ஓவியம் பழகியபோது, பீங்கான் விளக்கொன்றையே வரைந்து பார்த்தோம்.

திரையில் பேனாவால் வரைவது புதிதன்று. 1963-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் என்பவர் 'ஸ்கெட்ச்பேட்' என்ற முறையை உருவாக்கி, ஒளிப்பேனாவால் கணினித் திரையில் கோடு வரைந்து காட்டினார். இன்றைய பேனாவோ கையின் அழுத்தத்தையும் உணர்கிறது. மெல்லத் தொட்டால் மெல்லிய கோடு. அழுத்தினால் தடித்த கோடு. விளக்கை ஓர் அடுக்கிலும், பூவேலையை மற்றோர் அடுக்கிலும் வரைந்தோம். பூ பிடிக்காவிடில் அதை மட்டும் நீக்கலாம். விளக்கு அப்படியே இருக்கும்.

சூளையில் இவ்வசதி இல்லை. களிமண் காயும்போது நீர் வெளியேறிச் சுருங்குகிறது. சுடும்போது மேலும் இறுகுகிறது. மொத்தச் சுருக்கம் 10 விழுக்காடு எனக் கொள்வோம். கண்ணாடிச் சிமினி உட்கார, சுட்ட விளக்கின் வாய் 9 செ.மீ. அகலம் இருக்கவேண்டும். வரைபடத்தில் எவ்வளவு அகலம் வைப்பது? 9.9 அன்று; 9-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும். விடை 10 செ.மீ.

ஒன்பதே என்று வரைந்திருந்தால், சுட்டபின் 8.1 செ.மீ.தான் மிஞ்சும், சிமினி பொருந்தாது. சுட்ட பீங்கானை மீண்டும் களிமண்ணாக்க இயலாது. எரிபொருளும், அதைச் செய்தவரின் ஒருநாள் உழைப்பும் வீண்.

ஆகவே மாணவியரே, திரையில் எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து வரைவோம். அளவை முடிவு செய்யுமுன், அதே மண்ணில் ஒரு பட்டை செய்து, 10 செ.மீ. கோடு கீறி, சுட்டு, மீண்டும் அளப்போம். சரியான சுருக்கத்தை அந்தப் பட்டையே சொல்லும்.