மணல் நிலமும் போரன் ஊட்டமும்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் பல புத்தளத்திலும் கற்பிட்டியிலும் மணல் நிலத்தில் தோட்டம் செய்யத் தொடங்கின. செம்மண்ணில் பழகிய பசளைக் கணக்கு மணலுக்கு ஒத்துவராது. இம்முறை, பயிருக்கு மிகச் சிறிதளவே வேண்டிய போரன் என்னும் ஊட்டத்தைப் பற்றிப் பார்ப்போம்.

போரனை மண்ணில் பிடித்து வைப்பவை களியும் மக்கிய எருவும். கடற்கரை மணலில் இரண்டுமே குறைவு. மாரி மழை மட்டுமல்ல, நாள்தோறும் நாம் இறைக்கும் நீரும் அதைக் கீழே கழுவிச் செல்கிறது.

பெரும்பாலான பயிர்களில் முதிர்ந்த இலையிலுள்ள போரன் குருத்துக்கு நகராது. ஆகவே குறைபாடு இளம் பகுதியிலேயே தெரியும். தென்னங்கன்றில் புதிய ஓலை குட்டையாகி, இதழ்கள் பிரியாமல் ஒட்டி, நுனி கொக்கிபோல் வளையும். பப்பாசிக் காய் மேடு பள்ளமாகும். பீட்ரூட் கிழங்கை வெட்டினால் உள்ளே கறுத்திருக்கும். முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் கருகினாலோ கதை வேறு: அது உப்பு நீரின் வேலையாகவோ போரன் மிகுதியாகவோ இருக்கலாம். கடல்நீரிலேயே லீற்றருக்கு ஏறத்தாழ 4.5 மில்லிகிராம் போரன் உண்டு. கிணறு உவராகிவிட்ட தோட்டத்துக்குப் போரன் பசளை வாங்குவது வீண் செலவு.

இலங்கையில் போரன் கனியம் தோண்டப்படுவதில்லை. துருக்கியும் அமெரிக்காவின் கலிபோர்னியாவுமே உலகுக்குப் பெரும்பங்கை வழங்குகின்றன. பொற்கொல்லர் பற்றவைக்கப் பயன்படுத்தும் வெண்காரம்தான் போராக்ஸ். அதில் நூற்றுக்கு 11 பங்கு போரன். போரிக் அமிலத்தில் 17 பங்கு. குறைபாடு உறுதியான மரக்கறி நிலத்துக்கு ஏக்கருக்கு 4 கிலோ போராக்ஸ் போதும். அதாவது ஒரு சதுர மீற்றருக்கு 1 கிராம்! யூரியா வீசும் கையால் இதை வீசலாகாது. உலர்ந்த மணல் 20 கிலோவுடன் நன்றாகக் கலந்து, இரண்டாகப் பிரித்து, சில வார இடைவெளியில் இடுங்கள். போஞ்சி மிகுதியைத் தாங்காது. பீட்ரூட் ஓரளவு தாங்கும்.

காசில்லாதவருக்கு மாட்டெருவும் கூட்டெருவுமே முதல் வழி. போரனைத் தருவதோடு இருப்பதையும் பிடித்து வைக்கும். சாம்பலிலும் சிறிது உண்டு. ஆனால் அதை அளவுக்கு மீறிக் கொட்டினால் மண்ணின் காரத்தன்மை கூடி, உள்ள போரனும் பயிருக்குக் கிட்டாமற் போகும். கரையொதுங்கும் சாதாழையை உப்புப் போகக் கழுவிய பின்பே எருக்குழியில் இட வேண்டும்.

தென்னைக்கு எவ்வளவு என்பதை மரத்தின் வயதைப் பார்த்தே சொல்ல முடியும். லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் எமது மாவட்டத்திலேயே இருக்கிறது. காய்க்கும் மரமானால் இலைப் பரிசோதனைக்கு 14ஆம் ஓலையிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். கன்று வளைந்திருந்தால், பசளை வாங்குமுன் அந்த ஓலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.