அப்டேட் ஆன பிறகு கம்ப்யூட்டர் மக்கர் செய்தால்...



நம் கூட்டமைப்பு அலுவலகங்களில் சேமிப்பு, கடன் தவணை, வட்டி எல்லாமே இப்போது கம்ப்யூட்டரில் ஏறுகிறது. மாதக் கூட்டத்துக்கு முந்தின நாள் அறிக்கையை பிரிண்ட் எடுக்கப் போனால் பிரிண்டர் அசையாது. சில சமயம் திரையே நீலமாகி நின்றுவிடும். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, யாரு கை வச்சது?" என்று கணக்கு எழுதும் பெண்ணைத்தான் முதலில் கேட்கிறோம். பாவம், அவர் எதையும் தொட்டிருக்க மாட்டார். ராத்திரி தானாக ஒரு பாதுகாப்பு அப்டேட் ஏறியிருக்கும்.

பாதுகாப்பு அப்டேட் என்பது பூட்டு மாற்றுகிற மாதிரி. திருடன் நுழையக்கூடிய ஓட்டை தெரிந்ததும் மைக்ரோசாஃப்ட் கம்பெனி அதை அடைத்து அனுப்புகிறது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க நேரப்படி இது வெளியாகும். நமக்கு அது செவ்வாய் ராத்திரி. பூட்டு மாறினால் பழைய சாவி சில நேரம் சேராது இல்லையா? பிரிண்டரை ஓட்டும் மென்பொருள் அப்படிப்பட்ட பழைய சாவிதான்.

2021 மார்ச் 9-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில் இப்படித்தான் நடந்தது. கியோசெரா, ரிக்கோ போன்ற சில பிரிண்டர்களில் பிரிண்ட் கொடுத்த உடனே கம்ப்யூட்டர் நீலத் திரையாகி நின்றது. ஒரே வாரத்தில், மார்ச் 15-ல், அதற்குத் திருத்தம் வந்துவிட்டது.

"அப்படின்னா இந்த அப்டேட்டே வேண்டாம், நிறுத்திடுவோம்" என்று சில குழுக்களில் பேசுகிறார்கள். அது சரியில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளே திண்டாடின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். நம் குழுக்களின் பத்து வருஷக் கடன் கணக்கு பூட்டிக்கொண்டால் யாரிடம் போய் நிற்பது?

சரி, என்ன செய்யலாம்? முதலில் கேபிள், பேப்பர் பாருங்கள். பிறகு 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். ஆஃப் செய்து ஆன் செய்வது போதாது. விண்டோஸில் ஆஃப் பண்ணும்போது பல நேரம் முழுசாக அணைவதில்லை. ரீஸ்டார்ட்தான் புதிதாகத் தொடங்கும். அதிலும் சரியாகவில்லை என்றால் கணக்கு ஃபைல்களைப் பென் டிரைவில் நகல் எடுத்து, பென் டிரைவைக் கழற்றி வைத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் மேற்கொண்டு எதையும் தொடாதீர்கள்.

அடுத்து செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்' பக்கம் போய் 'அப்டேட் ஹிஸ்டரி' பாருங்கள். எந்தத் தேதியில் எது ஏறியது என்று இருக்கும். கோளாறு தொடங்கிய நாளும் அந்தத் தேதியும் ஒத்துப்போனால், கீழே 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்பதில் அந்த ஒன்றை மட்டும் எடுக்கலாம். அது திரும்ப ஏறாமல் இருக்க 'பாஸ்' கொடுக்கலாம். அதிகபட்சம் 35 நாள். அதற்குள் பெரும்பாலும் திருத்தம் வந்துவிடும். வந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

கம்ப்யூட்டர் திறக்கவே இல்லையா? இரண்டு மூன்று தடவை தொடங்க முடியாமல் போனால் அதுவே ஒரு பழுதுபார்க்கும் திரையைக் காட்டும். அதில் 'டிரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போனால் அங்கேயும் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' உண்டு. கூட்டம் நாளைக்கே என்றால், அறிக்கையை பி.டி.எஃப். ஆகச் சேமித்து வெளியே கடையில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம்தான் எங்களுக்குப் பெரிய கவலை. புது லேப்டாப்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் தகவல் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்று பெயர். 2024 ஜூலையில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு சில கம்ப்யூட்டர்கள் திடீரென்று 48 இலக்க எண்ணைக் கேட்டன. அந்த எண் இல்லாவிட்டால் மெக்கானிக்காலும் திறக்க முடியாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத்தான் தொடங்கணும். எண் எங்கே இருக்கும்? பெரும்பாலும், லேப்டாப்பை முதன்முதலில் தயார் செய்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில். அவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம், கல்யாணமாகி வெளியூர் போயிருக்கலாம்.

ஆகவே கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே, இந்த மாதக் கூட்டத்துக்குள், அவரைப் பிடித்து அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். காகிதத்தில் எழுதி உறையில் ஒட்டி, தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்திட்டு பீரோவில் வையுங்கள். லேப்டாப் பைக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள்.