கூட்டு வியாபாரத்துக்கு உதைபந்தாட்டம் தரும் பாடம்

கூட்டு வியாபாரம் என்றதும் நாம் பேசுவது இரண்டே விடயம்: யார் எவ்வளவு முதல் போடுவது, இலாபத்தில் யாருக்கு எவ்வளவு. அதோடு கடையைத் திறந்துவிடுகிறோம். ஆனால் யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த கூட்டுகள் பலவும் முறிந்தது பேசிய விடயத்தால் அல்ல, பேசாமல் விட்ட விடயத்தால்.

எனக்குத் தெரிந்த இருவர் மச்சான்மார். 1990இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, பின்னர் ஒருவர் இங்கு திரும்பினார், மற்றவர் புத்தளத்திலேயே இருந்தார். அவர் சரக்கு அனுப்ப, இவர் இங்கு விற்றார். கடனுக்குக் கொடுத்த பணம் திரும்பாதபோது, அந்த நட்டம் யாருடையது என்ற கேள்வி வந்தது. அதை முன்னரே இருவரும் பேசியிருக்கவில்லை. கடையும் போயிற்று, ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு மற்றவர் போவதும் நின்றது.

இதே சிக்கல் இரண்டு நாடுகளுக்கு வந்தால்? 2002ஆம் ஆண்டு உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தை நடத்த ஜப்பானும் தென்கொரியாவும் தனித்தனியே போட்டியிட்டன. 1910 முதல் 1945 வரை கொரியாவை ஜப்பான் ஆண்டதால் ஏற்பட்ட கசப்பு அவர்களிடையே தீர்ந்திருக்கவில்லை. 1996 மே 31இல், இருவரும் சேர்ந்தே நடத்த வேண்டும் என்று சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் தீர்மானித்தது. விரும்பிச் சேர்ந்த கூட்டல்ல. ஆனாலும் போட்டி ஒழுங்காக நடந்து முடிந்தது.

அவர்கள் பிரித்த விதத்தைப் பாருங்கள். 64 ஆட்டங்களில் ஆளுக்கு 32. 20 மைதானங்களில் ஆளுக்கு 10. அரையிறுதி அங்கொன்று, இங்கொன்று. ஆரம்ப ஆட்டம் சியோலில், இறுதி ஆட்டம் யோகோஹாமாவில். இவை எண்ணிப் பிரிக்கக்கூடியவை. பெயரை எப்படிப் பிரிப்பது? இறுதி ஆட்டம் ஜப்பானுக்குப் போனது, போட்டியின் பெயரில் கொரியா முதலில் வந்தது. மதிப்பும் ஒரு முதல்தான் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

ஐரோப்பியக் கிண்ணத்திலும் இதே வழிதான். 2000இல் ஆரம்பம் பெல்ஜியத்தில், இறுதி நெதர்லாந்தில். 2008இல் ஆரம்பம் சுவிட்சர்லாந்தில், இறுதி ஒஸ்திரியாவில். 2012இல் ஆரம்பம் போலந்தில், இறுதி உக்ரைனில்.

நம் நாடும் இதைச் செய்திருக்கிறது. 2008 ஜூனில் தெற்காசிய உதைபந்தாட்டக் கிண்ணப் போட்டியை இலங்கையும் மாலைதீவும் சேர்ந்து நடத்தின. ஏ-9 பாதை மூடப்பட்டு, குடாநாட்டுக்குச் சரக்குகள் கப்பலில் வந்த காலம் அது. ஒரு பிரிவு ஆட்டங்கள் மாலேயில், மறு பிரிவு கொழும்பில். அரையிறுதியில் கொழும்பில் வைத்தே இலங்கையை மாலைதீவு 1-0 என வென்றது. இறுதி ஆட்டமும் கொழும்பில்தான். அதிலும் மாலைதீவு இந்தியாவை 1-0 என வென்று கிண்ணத்தைக் கொண்டுபோயிற்று.

இறுதி ஆட்டம் நம்மிடம், கிண்ணம் பங்காளியிடம்! வாய்ப்பையும் பொறுப்பையும் உடன்படிக்கையால் பிரிக்கலாம், அதிர்ஷ்டத்தைப் பிரிக்க முடியாது. இரண்டு ஊரில் கடை போட்டால் ஒன்று ஓடும், மற்றது தேங்கும். இலாபம் பொதுவா, கடைக்குக் கடை வேறா என்பதை ஓடத் தொடங்குமுன் தீர்மானிக்க வேண்டும்.

சகோதரர்களே, கூட்டுச் சேருமுன் இந்த ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள்:

1. பெயர்ப்பலகையில் யார் பெயர்? வங்கிக் கணக்கில் யார் கையொப்பம்?

2. கொள்முதல் யார், விற்பனை யார்?

3. கடனுக்குக் கொடுக்க யாருக்கு உரிமை, எவ்வளவு வரை? திரும்பாத கடன் யார் கணக்கில்?

4. உழைப்பவருக்குச் சம்பளம் தனியாக உண்டா?

5. பிரியும்போது சரக்கு, கடன், கடைப்பெயர் ஆகியவை யாருக்கு?

ஐந்தாவதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். சேரும்போதே பிரிவதைப் பேசலாமா என்கிறோம். 2002 ஜூன் 30இல் இறுதி ஆட்டம் முடிந்ததும் அவரவர் மைதானம் அவரவருக்கே என்பதில் எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. அந்தத் தெளிவு நமக்கும் வேண்டும்.

சட்டமும் எழுத்தையே கேட்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட முதலுடைய பங்குடைமை எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் அதை நிலைநாட்ட முடியாது. இன்று 1,000 ரூபாவுக்குப் பெட்டிக்கடை கூடப் போட முடியாது. ஆகவே நம் கூட்டுகள் அனைத்துக்கும் இது பொருந்தும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். பெயர்ப் பதிவு வேறு, பங்காளர் உடன்படிக்கை வேறு. இரண்டும் வேண்டும்.

"சொந்தக்காரனிடம் எழுத்து எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: சொந்தம் நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுத்து. கடை போனால் இன்னொரு கடை போடலாம். மச்சான் போனால் எங்கே வாங்குவது?