பாட்டனாரின் தந்தை யார்? மரபணுச் சோதனையும் நஸபும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



ஒரே மாதத்தில் இரண்டு இளைஞர்கள் ஒரே விஷயமாக என்னிடம் வந்தார்கள்.

முதலாமவருடைய அத்தாவின் அத்தா, 1942-ல் பர்மாவிலிருந்து கால்நடையாக வந்த அகதிகளோடு தனியாக வந்த சிறுவர். நம்மவர் ஒருவர் எடுத்து வளர்த்தார். பெற்ற தந்தை யார் என்று யாருக்கும் தெரியாது. "ஹஜ்ரத், எச்சிலை எடுத்து அனுப்பினால் சொந்தபந்தம் தெரியுமாம். செய்யலாமா?" என்று கேட்டார்.

இரண்டாமவர் சோதனையைச் செய்தே விட்டார். அவருக்கும் அவருடைய சின்னப் பாட்டனாரின் மகனுக்கும் ஒத்துப்போக வேண்டியது ஒத்துப்போகவில்லை. "என் பாட்டனார், பூட்டனாருக்குப் பிறந்தவர் இல்லை போலிருக்கிறது. குடும்பத்தில் சொல்லிவிடட்டுமா?" என்றார்.

சோதனை ஒன்றுதான். ஆனால் மார்க்கத்தின் பதில் ஒன்றல்ல.

சோதனை எதைச் சொல்லும்?

ஆண்களிடம் மட்டும் உள்ள ஒய் குரோமோசோம், தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் வருகிறது. பூட்டனாரிடம் இருந்தது பேரனின் மகனிடமும் இருக்கும். ஆனால் அண்ணன் தம்பிகள் எல்லோரிடமும் அது ஒன்றே. ஆகவே அது வமிசத்தைக் காட்டும். 'இவர்தான் தந்தை, அவருடைய அண்ணன் அல்ல' என்று பிரித்துச் சொல்லாது. மற்ற மரபணுக்கள் தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகக் குறைகின்றன. பூட்டனாரின் பங்கு நம்மிடம் சராசரியாக எட்டில் ஒன்றுதான். அதைக் கொண்டு, ஏற்கெனவே சோதனை செய்த தூரத்து உறவினர்களை அடையாளம் காணலாம், அவ்வளவே.

தந்தை தெரியாதவருக்கு

அல்லாஹ் சூரத்துல் அஹ்ஸாபின் 5-வது வசனத்தில், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய சொந்தத் தந்தையரின் பெயரால் அழைக்கக் கட்டளையிடுகிறான். தந்தையர் யாரென்று தெரியாவிட்டால் அவர்கள் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள், உங்கள் மவாலிகள் என்கிறான். தவறுதலாகச் சொல்லிவிட்டதற்குக் குற்றமில்லை என்றும் ஆறுதல் தருகிறான்.

மக்காவிலுள்ள ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹ் சபை, 2002 ஜனவரியில் நடந்த 16-வது அமர்வில் இதை ஆராய்ந்தது. நஸப் தெரியாதவர் விஷயத்திலும், மருத்துவமனையில் குழந்தைகள் மாறிவிட்டாலும், போரிலும் விபத்திலும் பிள்ளைகள் தொலைந்தாலும் மரபணுச் சோதனையின் துணையை நாடலாம் என்றது. ஏற்கெனவே உறுதியான நஸபைச் சரிபார்க்கவோ மறுக்கவோ அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் முடிவு செய்தது.

எனவே முதல் இளைஞரிடம், "தேடலாம் தம்பி. உறவு கிடைத்தால் சேர்ந்து வாழுங்கள். ஆனால் கிடைத்த குறிப்பை நஸப் என்று நீங்களாக அறிவிக்காதீர்கள், உலமாக்களிடம் கொண்டுவாருங்கள்" என்றேன்.

உறுதியான நஸபைக் கிளறுபவருக்கு

மக்கா வெற்றியின்போது நடந்ததை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஸம்ஆவின் அடிமைப் பெண்ணுடைய மகனை, தன் சகோதரர் உத்பாவின் மகன் என்று ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) கோரினார்கள். "இவர் என் தந்தையின் விரிப்பில் பிறந்த என் சகோதரர்" என்றார்கள் அப்து பின் ஸம்ஆ (ரலி). நபி (ஸல்) அவர்கள் பார்த்தார்கள். பிள்ளையிடம் உத்பாவின் சாயல் தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் விரிப்புக்கு உரியவருக்கே பிள்ளை என்று அப்து பின் ஸம்ஆவின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அதேசமயம் ஸம்ஆவின் மகளான தம் மனைவி ஸவ்தா (ரலி) அவர்களை அவரிடமிருந்து திரையிட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

கவனியுங்கள்! சாயலை நபியவர்கள் காணாமல் இல்லை. பேணுதலுக்காக அதைக் கணக்கிலும் எடுத்தார்கள். ஆனால் அதைக் கொண்டு நஸபை உடைக்கவில்லை.

இரண்டாவது இளைஞரிடம் ஒரு காகிதத்தில் சங்கிலி போட்டுக் காட்டினேன். அவரிலிருந்து பூட்டனார் வரை ஏறி, அங்கிருந்து சின்னப் பாட்டனாரின் மகன் வரை இறங்கினால் ஐந்து கண்ணிகள். ஒய் குரோமோசோம் ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது. எந்தக் கண்ணி என்று அந்த முடிவு சொல்லாது. யாருக்கும் சொல்லாமல் எடுத்து வளர்த்த பிள்ளையாகக்கூட இருக்கலாம். ஆனால் நீங்கள் வாய் திறந்தால் சந்தேகம் நான்கு பெண்கள் மீது விழும்: உங்கள் பூட்டியார், பாட்டியார், சின்னப் பாட்டியார், உங்களைப் பெற்ற தாய். மூவர் கப்ரில் இருக்கிறார்கள். பதில் சொல்ல முடியாது. நான்கு சாட்சிகள் இல்லாமல் கற்புள்ள பெண்ணைப் பழிப்பவருக்கு சூரத்துந் நூர் 80 கசையடி விதிக்கிறது.

அவர் வெகுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அம்மா பெயரும் இதில் வரும் என்று நான் நினைக்கவே இல்லை ஹஜ்ரத்" என்று சொல்லிக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சகோதரர்களே!

தந்தை பெயர் தெரியாததால் எவருடைய மதிப்பும் குறைவதில்லை. ஸாலிம் (ரலி) அவர்களைத் தந்தையின் பெயரால் அல்ல, 'அபூ ஹுதைஃபாவின் மவ்லா' என்றே வரலாறு அழைக்கிறது. குர்ஆனைக் கற்றுக்கொள்ள நபியவர்கள் சுட்டிக்காட்டிய நால்வரில் அவர் ஒருவர். குபாவில் அவர் இமாமாக நிற்க, பின்னால் நின்று தொழுதவர்களில் உமர் (ரலி) அவர்களும் இருந்தார்கள்.

எச்சிலை எடுத்து அனுப்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்: தெரியாததைத் தேடுகிறேனா, மூடியிருப்பதைத் திறக்கிறேனா?

வல்ல ரஹ்மான் நம் குடும்பங்களின் மானத்தைக் காப்பானாக! பிரிந்த உறவுகளைச் சேர்த்துவைப்பானாக! ஆமீன்.