இரு வலையமைப்புகளுக்கு இடையே வழி அமைத்தல்

ஒரு குடிநீர் நிலையத்தின் பம்புகளையும் வால்வுகளையும் பி.எல்.சி. என வழங்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் இயக்குகின்றன. அவை தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளத் தனி வலையமைப்பு உண்டு. கணக்கும் கடிதப் போக்குவரத்தும் நடைபெறும் அலுவலகத்திற்கு வேறொரு வலையமைப்பு உண்டு. தொட்டியின் நீர்மட்டத்தை அலுவலகத்திலிருந்தே அறிய வேண்டுமாயின், இவ்விரண்டுக்கும் இடையே வழி அமைத்தல் வேண்டும். அவ்வழியை எவ்வாறு திறப்பது, எந்த அளவில் நிறுத்துவது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

கருவியின் முகவரி 192.168.1.10 எனவும், அலுவலகக் கணினியின் முகவரி 192.168.2.20 எனவும் கொள்வோம். இரண்டிலும் மாஸ்க் 255.255.255.0 ஆகும். அதாவது, முதல் மூன்று எண்கள் வலையமைப்பையும், கடைசி எண் அதிலுள்ள கருவியையும் குறிக்கும். மூன்றாம் எண் வேறுபடுவதால், இவை ஒன்றையொன்று நேரே அடைய இயலாது. இடையில் நிற்கும் ரௌட்டருக்கு ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு முகவரி வேண்டும். அவை 192.168.1.1, 192.168.2.1 என்க.

கணினி தன் வினாவை 192.168.2.1 என்னும் முகவரியில் ஒப்படைக்கிறது. ரௌட்டர் அதனைக் கருவியிடம் சேர்ப்பிக்கிறது. ஆனால், வினா சென்றடைந்தால் மட்டும் போதாது; விடையும் திரும்பி வருதல் வேண்டும். கருவியில் ‘கேட்வே’ என்னும் இடத்தில் 192.168.1.1 குறிக்கப்படாவிடில், விடையை யாரிடம் ஒப்படைப்பது என்பதைக் கருவி அறியாது. அஞ்சற்பெட்டி இல்லாத ஊரில் எழுதிய கடிதம்போல அவ்விடை அங்கேயே தங்கிவிடும். அருகிலுள்ள மடிக்கணினிக்கு விடையளிக்கும் கருவி அலுவலகத்திற்கு மட்டும் விடையளிக்காதிருப்பின், கேபிளை மாற்றுமுன் இக்குறிப்பைச் சரிபார்த்தல் நன்று.

வழி திறந்தபின் எழும் வினா, அதில் யார் செல்லலாம் என்பது. 1979-இல் தோன்றிய மோட்பஸ் முறை இன்றும் பல ஆலைகளில் வழங்குகிறது. ஆணையிடுவோர் யார் எனக் கேட்கும் ஏற்பாடு அதன் வழக்கமான வடிவில் இல்லை. ஆதலால், கருவியின் 502-ஆம் போர்ட்டை எட்டும் எந்தக் கணினியும் அளவுகளைப் படிப்பதோடு ஆணைகளையும் எழுதக்கூடும்.

இதன் விளைவை உக்ரைன் நாடு 2015 டிசம்பர் 23-இல் கண்டது. மின்வழங்கு நிறுவனங்களின் அலுவலக வலையமைப்பில் மின்னஞ்சல் வாயிலாக முன்னரே புகுந்தோர், அங்கிருந்து கட்டுப்பாட்டு வலையமைப்பை அடைந்து, மின் இணைப்புகளைத் துண்டித்தனர். ஏறத்தாழ 2,25,000 நுகர்வோர் சில மணி நேரம் மின்சாரமின்றி இருந்தனர்.

ஆகவே, வேண்டிய போக்குவரத்தை மட்டும் அனுமதித்து ஏனையவற்றை மறுக்கும் ஃபயர்வாலை இடையில் அமைத்தல் வேண்டும். அதனினும் சிறந்த முறை ஒன்றுண்டு. மூன்றாவதாக ஒரு வலையமைப்பை நடுவே ஏற்படுத்தி, அதில் ஒரு தரவுக் கணினியை வைத்தல் அம்முறையாகும். அளவுகள் அதில் திரளும். அலுவலகம் அதனை மட்டுமே வினவும். கருவியை நேரே அணுகாது. இதற்கு மாறாக, ஒரே கணினியில் இரு நெட்வொர்க் கார்டுகளைப் பொருத்தி இரு புறமும் இணைப்பது எளிதெனத் தோன்றினும், அக்கணினி பிறர் கைவசமாயின் காவலற்ற பாலமாகிவிடும்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி: மேற்கூறிய கருவியில் மாஸ்க் தவறுதலாக 255.255.0.0 எனக் குறிக்கப்பட்டது. கேட்வே சரியாக உள்ளது. எனினும் விடை வரவில்லை; ஏன்?

விடை: முதல் இரண்டு எண்களையே வலையமைப்பின் அடையாளமாகக் கருவி கொள்ளும். எனவே, அலுவலகக் கணினி தன் வலையமைப்பிலேயே உள்ளதெனக் கருதி, ரௌட்டரிடம் ஒப்படைக்காமல் தன்னருகே அதனைத் தேடிக்கொண்டிருக்கும்.