120 கணினி, ஒரு திங்கட்கிழமை: ஸ்டோரேஜைத் திணறடிக்காமல் இடம் ஒதுக்குவது எப்படி?

செமஸ்டர் தொடங்கும் திங்கட்கிழமை. காலை 8 மணிக்கு ஆய்வுகூடத்தில் 120 மாணவர் வந்து அமரப்போகிறார்கள். ஆளுக்கு 40 ஜிபி வட்டோடு ஒரு மெய்நிகர் கணினி வேண்டும். ஞாயிறு மாலை ஸ்கிரிப்டை ஓடவிட்டு வீட்டுக்குப் போன நிர்வாகி விடியவந்து பார்த்தால், கால்வாசிக் கணினிகள்தான் தயார். மிச்சமெல்லாம் 'உருவாகிக்கொண்டிருக்கிறது' என்றபடி கிடக்கின்றன. ஸ்டோரேஜின் நிர்வாகத் திரையும் திறக்க மறுக்கிறது. வட்டில் இடம் தாராளம், கேபிளிலும் பழுதில்லை.

எல்லா வேலையும் இப்படி ஒரே நேரத்தில் வந்து குவிவதில்லை. நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் 2005 முதல் ஆவணம் ஆவணமாகச் சேர்த்து வளர்ந்தது. அப்படியான வேலையில் ஸ்டோரேஜுக்கு மூச்சுவிட நேரம் உண்டு. ஆய்வுகூட வேலை வேறு மாதிரி: எல்லாரும் ஒரே மணிக்குக் கேட்பார்கள். புரொவிஷனிங் என்று நாங்கள் சொல்லும் இந்த இடவொதுக்கீட்டில் முதலில் களைப்பது வட்டு அல்ல, கொன்ட்ரோலர். வொலியூம் ஒன்றை உருவாக்கு, ஸ்னப்ஷொட் எடு, சேர்வருக்குக் காட்டு என்னும் ஒவ்வொரு கட்டளைக்கும் அது தன் உள்பதிவேட்டைப் பூட்டி, எழுதி, திறக்கவேண்டும். பல அரேக்களில், அதாவது ஸ்டோரேஜ் பெட்டிகளில், இந்தக் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நகரும். ஆகவே கீழுள்ள படிகள் எல்லாம் ஒரே நோக்கத்துக்கானவை: கட்டளைகளைக் குறைப்பது, மிஞ்சியவற்றை வரிசையில் விடுவது.

படி 1: முதலில் கணக்குப் போடுங்கள்

மாணவருக்கு ஒரு தனி வொலியூம் உண்மையில் தேவையா? 6 சேர்வர், ஒவ்வொரு வொலியூமுக்கும் 4 பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 வொலியூம் என்றால் ஒரு சேர்வரில் மட்டும் 480 பாதை. வி.எம்.வெயார் 6.5 பதிப்பில் ஒரு சேர்வருக்கான உச்சவரம்பு 512 வொலியூம், 2,048 பாதை. வரம்புக்குள் இருந்தாலும் சேர்வர் மீளத் தொடங்கும்போது அத்தனை பாதையையும் ஒவ்வொன்றாகத் தேடும். 20 கணினிக்கு ஒரு வொலியூம் என்று 6 பெரிய வொலியூம் வைத்தால் பாதை 24 ஆகிவிடும். தனி ஸ்னப்ஷொட், தனி வேகவரம்பு தேவைப்படும் கணினிக்கு மட்டும் தனி வொலியூம் கொடுங்கள்.

படி 2: பிரதி எடுக்காதீர்கள், குளோன் எடுங்கள்

40 ஜிபியை 120 தடவை முழுதாகப் பிரதி எடுத்தால் 4,800 ஜிபி. 10 ஜிகாபிட் இணைப்பு தன் முழுவேகமான விநாடிக்கு 1.25 ஜிபியில் ஓடினாலும் 3,840 விநாடி, அதாவது ஒரு மணித்தியாலத்துக்கும் மேல். நடைமுறையில் இன்னும் கூடும். மூலப்படிவம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதன்மேல் குளோன் எடுத்தால், மாணவர் மாற்றியது மட்டுமே புதிதாக எழுதப்படும். ஆளுக்கு 5 ஜிபி மாறினாலும் மூலப்படிவத்தின் 40 ஜிபியோடு சேர்த்து மொத்தம் 640 ஜிபிதான்.

முழுப்பிரதி கட்டாயம் வேண்டுமென்றால் எக்ஸ்கொப்பி வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். அது இயங்கினால் தரவு சேர்வருக்கு வந்துபோகாமல் அரேக்கு உள்ளேயே பிரதியாகும். மூலமும் பிரதியும் ஒரே அரேயில் இருக்கவேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

படி 3: பந்தி பந்தியாக விடுங்கள்

கலியாண வீட்டில் 500 பேரையும் ஒரே நேரம் இலையில் இருத்துவதில்லை. இங்கும் அப்படியே. ஒரே நேரம் 4 கட்டளையில் தொடங்குங்கள். ஒரு கட்டளை முடிய எத்தனை விநாடி என்று குறியுங்கள். பிறகு 8 ஆக்குங்கள். ஒவ்வொன்றும் முடியும் நேரம் இருமடங்கானால் உங்களுக்கு இலாபம் எதுவுமில்லை, பழைய எண்ணுக்கே திரும்புங்கள். 'நேரம் கடந்தது' என்று பதில் வந்தால் உடனே திரும்பக் கேட்காமல் 5, 10, 20, 40 விநாடி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இதில் நான் ஒருமுறை கைசுட்டுக்கொண்டேன். நேரம் கடந்தது என்றால் வேலை நடக்கவில்லை என்று என் ஸ்கிரிப்ட் நினைத்தது. அரே வேலையை முடித்திருந்தது, பதில்தான் பிந்தியது. விடிந்து பார்த்தால் ஒரே மாணவருக்கு மூன்று வொலியூம். அன்றிலிருந்து ஒவ்வொரு தனி வொலியூமுக்கும் மாணவர் இலக்கத்தைப் பெயராக வைக்கிறேன். திரும்ப உருவாக்கும் முன் 'இந்தப் பெயரில் ஏற்கெனவே உண்டா?' என்று ஸ்கிரிப்ட் அரேயிடம் கேட்கும்.

படி 4: தேடலை ஒருமுறை மட்டும் நடத்துங்கள்

ஒவ்வொரு வொலியூமும் உருவானவுடன் எல்லாச் சேர்வரையும் 'புதிது என்ன வந்தது?' என்று தேடவிடுவது பெரும் வீண். சேர்வர்களை ஒரு குழுவாக்கி, பந்தி முழுவதையும் அக்குழுவுக்குக் காட்டிவிட்டு, கடைசியில் ஒரு தேடல் நடத்துங்கள்.

படி 5: பூலின் அடிமட்டத்தைப் பாருங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் நன்னீரைத்தான் எல்லாக் கிணறும் இறைக்கின்றன. வீட்டுக்கு வீடு கிணறு தனி, அடியில் நீர் ஒன்றுதான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பேறும். தின் புரொவிஷனிங்கும் அப்படியே: 120 பேருக்கும் 40 ஜிபி என்று வாக்குக் கொடுக்கிறோம், கீழே எல்லாரும் பங்கிடும் பூலில் இருப்பது 2 டிபியாக இருக்கலாம். பூல் நிரம்பினால் ஒருவர் மட்டுமல்ல, எல்லாருடைய எழுதுதலும் நிற்கும். 70 சதவீதத்தில் எச்சரிக்கை, 80இல் புதிய ஒதுக்கீடு நிறுத்தம், 90இல் தொலைபேசி அழைப்பு என்று மூன்று கோடு போட்டுவையுங்கள்.

படி 6: மின்சாரத்தை நம்பித் தொடங்காதீர்கள்

இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் வந்த கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. பெரிய ஒதுக்கீட்டைத் தொடங்குமுன் யூ.பி.எஸ். பற்றரியையும் கொன்ட்ரோலர் பற்றரியையும் சோதியுங்கள். கொன்ட்ரோலர் பற்றரி பலவீனமானால் பல அரேக்கள் எழுதுவதை நினைவகத்தில் தாங்கிக்கொள்ளாமல் நேரே வட்டுக்கு அனுப்பும். இரண்டு கொன்ட்ரோலரில் ஒன்று விழுந்தாலும் பெரும்பாலும் அதுதான் நடக்கும். வேகம் திடீரென்று விழுந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

படி 7: ஒன்றாக எழுப்பாதீர்கள்

கணினிகள் உருவாகிவிட்டன என்பதற்காக 120ஐயும் ஒரே நிமிடம் இயக்கவேண்டாம். அத்தனையும் ஒரே மூலப்படிவத்தின் அதே பகுதிகளை வாசிக்கும். மூலப்படிவத்தை ஃபிளாஷ் வட்டில் வையுங்கள். 15 கணினியாக, இரண்டு நிமிட இடைவெளியில் எழுப்புங்கள். வகுப்பு தொடங்க அரைமணித்தியாலம் முன்னரே தொடங்கினால் போதும். கணக்குப்பிரிவோ நூலகமோ அதே அரேயில் இருந்தால், ஆய்வுகூட வொலியூம்களுக்கு வேகவரம்பு போடுங்கள்.

படி 8: கொடுத்ததைத் திருப்பி வாங்குங்கள்

செமஸ்டர் முடிந்ததும் அழிப்பதும் ஒதுக்கீட்டைப் போலவே பாரமான வேலை. அதையும் இரவில், பந்தியாகச் செய்யுங்கள். வொலியூமுக்குள் கோப்பை அழித்தால் மட்டும் பூலுக்கு இடம் திரும்பாது. 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று சேர்வர் அரேக்குச் சொல்லவேண்டும். லினக்ஸில் எஃப்எஸ்டிரிம் கட்டளையும் வி.எம்.வெயாரில் அன்மப்பும் அதற்காகத்தான். குளோன்களை எல்லாம் நீக்கிய பிறகே மூலப்படிவத்தில் கைவையுங்கள்.

கடைசியாக ஒரு கொப்பி வாங்கிக்கொள்ளுங்கள். பந்திக்கு எத்தனை, ஒரு கட்டளைக்கு எத்தனை விநாடி, பூல் எவ்வளவு ஏறியது என்று ஒவ்வொரு செமஸ்டரும் மூன்று வரி எழுதுங்கள். அடுத்த தடவை ஸ்கிரிப்டை ஞாயிறு மாலை தொடங்குவதா, வெள்ளி இரவே தொடங்குவதா என்று அந்த மூன்று வரியே உங்களுக்குச் சொல்லும்.