ஏரிக்கரையில் யாருக்கு முதல் வழி?

வார இறுதி விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சைக்கிள் ஓட்டுகிறவர்களில் சிலர், இப்போது எம்டிபி எனும் மலை சைக்கிள் வாங்கிக்கொண்டு மண் பாதைக்கு இறங்குகிறார்கள். தையூர் ஏரிக்கரை, திருக்கழுக்குன்றம் பக்கத்து வண்டித்தடங்கள், சவுக்குத் தோப்பு ஓரங்கள் எல்லாம் ஓட்ட அருமையானவை. ஆனால் இவற்றில் எதுவும் சைக்கிளுக்காகப் போட்ட பாதை அல்ல. எதிரே ஆள் வந்தால் யார் ஒதுங்குவது என்ற கேள்வியை இதை மனத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மலைப்பாதையில் சைக்கிள்காரர் நடப்பவருக்கு வழிவிட வேண்டும், இறங்குபவர் ஏறுபவருக்கு விட வேண்டும். 1988-ல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச மலை சைக்கிள் சங்கம் சொல்லிவருவது இதைத்தான். குறுகலான மலைச்சாலையில் இறங்கும் வண்டியே நின்று வழிவிட வேண்டும் என்பது நம் நாட்டு மோட்டார் வாகன விதியிலும் உண்டு. ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது பெரும்பாடு என்பதுதான் காரணம்.

செங்கல்பட்டுப் பக்கம் ஏற்றம் குறைவு. ஏற்றத்தின் இடத்தில் இங்கே சுமை இருக்கிறது. தலையில் புல்லுக்கட்டோடு வரும் அம்மா நின்றால் பாரம் முழுதும் கழுத்தில் இறங்கும். கரைச்சரிவில் ஒதுங்கினால் கால் வழுக்கும். எனவே பத்தடி முன்பே நீங்கள் இறங்கிவிடுங்கள். சைக்கிளோடு சரிவுப் பக்கம் நின்று, கரையின் சமதளத்தை அவருக்கு விடுங்கள்.

ஆட்டு மந்தைதான் பலரும் தவறு செய்கிற இடம். பின்னாலிருந்து மணி அடித்தபடி நெருங்கினால் ஆடுகள் ஒதுங்காது. முன்னே ஓடும், அல்லது கரையிலிருந்து வயலுக்குள் குதிக்கும். நெற்பயிர் மிதிபட்டால் வயல்காரரிடம் பேச்சு வாங்குவது ஆடு மேய்ப்பவர், நீங்கள் அல்ல. அதனால் தூரத்திலேயே காலை ஊன்றி, “அண்ணா, எந்தப் பக்கமா போகட்டும்?” என்று கேளுங்கள். அவர் ஒரு குரல் கொடுத்தால் மந்தை ஒரு பக்கம் ஒதுங்கும். பிறகு உருட்டிக்கொண்டே கடந்து, நன்றாகத் தள்ளிப் போன பின் ஏறுங்கள். கன்றோடு நிற்கும் மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவே மட்டும் புகவே கூடாது.

நடப்பவரைப் பின்னாலிருந்து கடக்கும்போது மணியைவிடக் குரல் நல்லது. “அக்கா, சைக்கிள் வருது, வலப்பக்கம் போறேன்” என்றால் அவர் திடுக்கிட மாட்டார். கூட்டமாகப் போனால் முதல் ஆள், பின்னால் எத்தனை பேர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் போனதும் பாதை நடுவுக்குத் திரும்புகிறவர் மீதுதான் இரண்டாவது சைக்கிள் மோதும்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போக வேண்டாம். தோப்பு என்றால் உரிமையாளரைக் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஊறிய ஏரிக்கரையைக் காயும்வரை விட்டுவிடுங்கள். டயர் கீறிய பள்ளத்தில் தண்ணீர் ஓடிக் கரையை அரிக்கும். அந்தக் கரையை நம்பிக் கீழே ஓர் ஆயக்கட்டே இருக்கிறது.

கடற்கரையில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். கரைவலை இழுப்பவர்கள் கடலைப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பார்கள். நீங்கள் வருவது தெரியாது. இறுக்கிய கயிறு விடியல் வெளிச்சத்தில் கண்ணுக்கும் படாது. கயிற்றைத் தாண்ட முயலாமல் அவர்களுக்குப் பின்புறமாகச் சுற்றிப் போங்கள். மணலில் விரித்திருக்கும் வலை மேல் டயர் படக்கூடாது. ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, அலை எட்டாத உலர்மணலில் முட்டையிடும். அந்தப் பருவத்தில் இருட்டில் விளக்கோடு மணலில் இறங்காதீர்கள். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித் திசைமாறிவிடும். விடிந்த பின் ஓட்டினாலும், வலை இழுப்பவர்களைச் சுற்றிப் போகும்போது தவிர, அலை நனைத்த ஈரமணலை விட்டு மேலே ஏற வேண்டாம்.